அறுபத்தொன்று டெசிபல்

ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை
கம்ப்ரஸர் கனைக்கும்.
மேசையின் காற்றுக்கால்கள் நாலும் மூச்சு வாங்கும்.
திரையில் என் மீன்குஞ்சு, பொரிந்து ஐந்து நாள்,
ஒரு கணம் இரண்டாகி
மறுபடி ஒன்றாகும்.

அது அடங்கினால் லேசர்ப் பெட்டியின் விசிறி.
விசிறிக்கும் அடியில் இன்னொன்று,
ஊர் பேர் தெரியாத ரீங்காரம்,
கடைவாய்ப் பல்லில் ஏறி உட்காரும்.
அறுபத்தொன்று டெசிபல் என்றது கைப்பேசி.
நார்மல்தான் மேடம் என்றான்
கம்பெனிக்காரன், சென்னையில் இருந்துகொண்டு.

பீளமேட்டில் எங்கள் மூன்று மாடிக்கும்
பராமரிப்புக்கு ஒரே ஆள், சென்னியப்பன்.
என் வயசுதான்.
சாமளாபுரத்தில் பதினாறு வருசம் தறி ஓட்டியவர்.
வலது காது சுத்தமாக இல்லை,
இடதில் கொஞ்சம்.
நான் ஒன்றும் கேட்கவில்லை, முகம் கேட்டிருக்கும்.
"கைய வெச்சாத் தெரிஞ்சுருமுங்."

திருப்புளியின் நுனியைப் பெட்டியில் ஊன்றி
பிடியைத் தாடையெலும்பில் பதித்து
கிணற்று மோட்டாருக்கு பேரிங் பார்ப்பதுபோல்
விரற்கடை விரற்கடையாக நகர்ந்தார்.
"இங்கதானுங்."
பின்பக்கத் தகடு. நாலு திருகில் ஒன்று இல்லை.
ரீங்காரம் இரண்டு ரூபாயில் செத்தது.

கம்ப்ரஸர் துடைப்பம் வைக்கும் அறைக்குப் போனது,
பதினாலு மீட்டர் குழாயோடு.
சுவரில் துளையிட அனுமதி கேட்டு மூன்று கடிதம் எழுதினேன்.
நாலாவதை எழுதுமுன் துளை இருந்தது.
சின்ன விசிறிக்குப் பதில் அகலமான, சோம்பேறி விசிறி.
லாரி டியூபை வட்டவட்டமாக வெட்டி
எல்லாவற்றுக்கும் செருப்புப் போட்டுவிட்டார்.

"பாக்கலாங்களா?"

குனிந்து வெகுநேரம் பார்த்தார்.
குஞ்சின் விலாவில் வரிசையாக மயிர்ச்செல்கள்,
நீரின் அசைவை வாங்குபவை.
"கொழுக்கட்டப் புல்லாட்ட இருக்குதுங்."
ஆமாம் என்றேன், இடது பக்கம் நின்று.
மருந்தூற்றிக் கொன்றாலும்
இரண்டு நாளில் திரும்ப முளைக்கும்,
எப்படி என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
மனிதக் காதிலும் இதே புல்தான்.
அங்கே முளைப்பதில்லை.
இதைச் சொல்லவில்லை.

உள்ளங்கையை மேசைமேல் விரித்து வைத்தார்.
"நின்னு போச்சுங்களா?"
தலையசைத்தேன்.
கையை எடுக்கவில்லை.
சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்,
ஒன்பது நிமிடம் முழுக்க,
அதற்குமேல் இன்னும் ஒன்று.

பிறகு
டீ குடிக்கப் போகலாமா என்றார்,
தறிக்கூடத்தில் பேசுகிற குரலில்.
மீன்குஞ்சு அசையவில்லை.