நானூறு டாலரின் குட்டிகள்

முதல் வருட வட்டி பதினெட்டு டாலர்.
அதில் ரப்பர் பூட்ஸ் வாங்கலாம்,
இடது கால் மட்டும்.
பேவன் பாஸ்புக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சிரித்தான்:
"நைரீ, இதற்கா வாராவாரம்
வங்கி வரைக்கும் மழையில் போகிறாய்?"

ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கும் கோஷ்டிக்குச்
சமைப்பவள் நான்.
பதினெட்டு வாய், ஐந்து வேளை,
நாலரைக்கே அடுப்பு.
இருபத்து மூன்று வயதிலிருந்து
வாரம் பத்து டாலர் எடுத்து வைத்தேன்,
கொதிக்கும் பானைக்கு உப்புப் போடுகிற மாதிரி,
எண்ணாமல்.

வட்டி குட்டி போடும் என்பார்கள்.
போடும்தான்.
ஆனால் சவுத்லாந்தில் ஆடு வைத்திருப்பவர்களைக் கேளுங்கள்,
செப்டம்பர் பனிமழைக்கு எத்தனை குட்டி போகிறதென்று.
விலைவாசியும் அப்படித்தான் இரவோடு இரவாக வந்துபோனது.
காலையில் மிச்சத்தை எண்ணினேன்.
மிச்சம் குட்டி போட்டது.

ஒன்பதாம் வருடம்
பேவனின் லாரிக்கு கியர்பாக்ஸ் போயிற்று.
லாரி இல்லையென்றால் சீசன் இல்லை.
சீசன் இல்லையென்றால் தானும் இல்லை என்று
லொரேன் சொல்லியிருந்தாள்.
நானூறு எடுத்துக் கொடுத்தேன்.
பத்திரமும் இல்லை, சாட்சியும் இல்லை.

பத்து வருடம் கழித்துக் கொண்டுவந்தான்,
இருபது இருபதாக,
கம்பளிப் பிசுக்கு மணக்கும் நோட்டுகள்.
"சரியாப் போச்சு, இல்லையா?"
"சரியாப் போச்சு" என்றேன்,
மாவு ஒட்டிய கையோடு.

சரியாகப் போகவில்லை.
போகும்போது சினை ஆடு.
வரும்போது ஆடு மட்டும்.

அன்றிரவு இறைச்சிக்கடை ரசீதின் பின்பக்கம்
கணக்குப் போட்டேன்.
ஏழு சதவீதமென்றால்
பத்து வருடத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு.
எண்ணூறாக வந்திருக்க வேண்டியது.
வராமல் நின்ற நானூறு
ஐம்பத்திரண்டு வயதில் எண்ணூறு,
அறுபத்திரண்டில் ஆயிரத்து அறுநூறு.
ரசீதை அடுப்பில் போட்டேன்.
எண் எரியவில்லை.

இன்றைக்கு அறுபத்திரண்டு.
வங்கிப் பெண் திரையை என் பக்கம் திருப்பினாள்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.
நான் போட்டது அதில் ஐந்தில் ஒரு பங்கு.
முதல் இருபத்தொன்பது வருடம் சேர்ந்ததைவிட
கடைசிப் பத்தில் சேர்ந்தது அதிகம்.
"எப்படி?" என்று நானே கேட்டேன்.
"நீங்கள் கை வைக்கவில்லை" என்றாள்.
ஒரு தடவை, என்றேன்.
அவளுக்குக் கேட்கவில்லை.

வெளியே லாரியில் பேவன் காத்திருந்தான்.
லொரேன் நகர்ந்து இடம் விட்டாள்.
அவள் மடியில் அவர்களுடைய ஏழாவது பேரப்பிள்ளை
யாரோ கடித்து வைத்த பிஸ்கெட்டுக்காக
ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.
நான் கையை நீட்டினேன்.
என் சுண்டுவிரலைப் பிடித்ததும் நிறுத்தியது.

"மீன் வறுவல் நீதான் வாங்கித் தரணும்" என்றேன் பேவனிடம்.
"நான் எதுக்கு?"
"வட்டி."