கல்லுக்குக் கத்தாது

ஒரு மீற்றர் அகலம்.
அதற்குள்தான் என் நாள்.
இரணைமடுவுக்குக் கிழக்கே, செம்மண் பிட்டியில்,
முழங்காலில் நின்று
ஐம்பது நிமிடம் சுரண்டினால் பத்து நிமிடம் ஓய்வு.
முகக்கண்ணாடிக்குள் என் மூச்சே எனக்கு வெயில்.

டிடெக்டருக்கு இரும்பு மட்டும்தான் தெரியும்.
ஆணி, மீன்ரின் மூடி, துவக்குச் சன்னம்,
ஒருமுறை ஒரு பிள்ளையின் கால்சலங்கை,
எல்லாவற்றுக்கும் ஒரே கத்தல்.
அதன் கணக்கில்
மனிதன் நேற்றுத்தான் பிறந்தான்.

கல்லுக்கு அது கத்தாது.
ஆகவே இதை நான் தேடிக் கண்டெடுக்கவில்லை.
பன்னிரண்டு சென்ரிமீற்றரில் தானாக வந்தது:
பளிங்குக் கல், மாங்கொட்டை அளவு,
ஒரு விளிம்பு மட்டும் யாரோ நினைத்து நினைத்துக் கொத்தியது.
மற்றக் கற்கள் உடைந்திருந்தன.
இது உடைக்கப்பட்டிருந்தது.
அந்தச் சின்னப் ‘பட்டு’வின் பாரம்
இந்தப் பக்கத்தில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை.
காணாமல் போனோர் என்று அச்சடித்த படிவத்தை
பக்கத்து ஓடையில் சுரண்டுகிற பவளராணி
ஒருமுறை திருப்பிக் கொடுத்தவள்.
“போகேல்லை. ஆக்கினவை. திருத்திக்கொண்டு வாங்கோ.”

ஓய்வில், பாலை நிழலில், போனைத் திறந்தேன்.
கல்லில் தொடங்கி நியண்டர்தாலில் போய் நின்றது.
நாற்பதாயிரம் வருசத்துக்கு முன் மறைந்துபோனார்கள் என்றிருந்தது.
பவளராணி எட்டிப் பார்த்தாள்.
“மறைஞ்சதோ, மறைச்சதோ?”
போனுக்கும் சரியாகத் தெரியவில்லை.
குளிர் என்றது, நோய் என்றது,
ஆள்தொகை காணாது என்றது,
கடைசியில் மெல்ல,
எங்கள் ஆட்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள் என்றது.

அவர்கள் இங்கே வரவில்லை.
இந்தக் கல் அவர்களுடையதல்ல.
அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்;
பிழையான ஆளின் எலும்புக்கு அழுதவர்கள்
எங்களுக்குள் இருக்கிறார்கள்.
ஆனால் என் எச்சிலை எடுத்துச் சோதித்தால்
நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்கு அவர்கள்.
பெட்டி படுக்கை இல்லாமல்,
பாஸ் இல்லாமல்,
ஓமந்தையில் எவரும் மறித்து இறக்காமல்,
ஒரு வயிற்றிலிருந்து இன்னொரு வயிற்றுக்கு
நடந்தே வந்து சேர்ந்த பங்கு.
அழிந்தார்கள் என்று எப்படி எழுதுவது?
தப்பினார்கள் என்றும் எழுத முடியாது.

வாசித்ததில் ஒருவன் மட்டும் போகமாட்டேன் என்கிறான்.
ஈராக்கில் ஒரு குகைக்காரன்.
வலக்கை சூம்பி, பாதியில் முடிந்தது.
இடக்கண் இல்லை. கால் இழுவை.
காதும் அனேகமாகக் கேட்டிராது.
அப்படியே நாற்பது வயதுவரை.
யாரோ அவனுக்கு இறைச்சி கொடுத்திருக்கிறார்கள் என்று
எழுதியவர் வியந்திருந்தார்.
வியக்க என்ன கிடக்கு?
முன்பற்கள் மட்டும் வேர்வரை தேய்ந்தனவாம்.
இல்லாத கைக்குப் பதிலாகப்
பல்லால் பிடித்திருப்பான் என்கிறார்கள்.

விசில் ஊதியது. மறுபடி முழங்கால்.
பின்னேரம் படிவத்தில் எழுதினேன்:
கண்டெடுக்கப்பட்டவை: இல்லை.
கல்லுக்கு அதில் நிரல் கிடையாது.

வீட்டுக்கு வர
குணசீலன் பால்மா பக்கெற்றைப் பல்லால் கடித்தபடி நின்றார்.
இத்தனை வருசமாக அப்படித்தான்.
முன்பல் ஒன்று சரிவாகத் தேய்ந்திருந்ததை
இன்றைக்குத்தான் கண்டேன்.
ஒன்றும் சொல்லாமல் கல்லை நீட்டினேன்.
இடக்கையில் வாங்கினார். திருப்பினார்.
பெருவிரல் அளவு ஒரு பள்ளம் இருந்தது.
விரல் தானாகப் போய் அதில் உட்கார்ந்தது.
“இடக்கையன் செய்தது போல கிடக்கு.”
பக்கெற்றின் மூலை
சத்தமில்லாமல் திறந்தது.

ரீ குடித்தோம். சீனி கொஞ்சம் கூட.
பிஸ்கற் பக்கெற்றை மட்டும் அவர்
பழக்கதோசத்தில்
பல்லுக்கே கொண்டுபோனார்.