பதினோராம் கேள்வி

உச்சிப்புளித் தபால்காரர் தந்துவிட்டுப் போன படிவம்
மூன்று நாளாய் உப்பு ஜாடிக்கு அடியில் கிடக்கிறது.
கச்சான் காற்றுக்கு வேறு பாரம் கைக்கு அகப்படவில்லை.

'பயன்படுத்திய சேவைகளுக்கு டிக் செய்க.'

கேன்டீன்.
செய்தேன். அட்டை என் பெயரில்,
ரம் பாட்டில் கொழுந்தன் கையில்.

கல்வி உதவித்தொகை.
பூமிநாதன் என்ற பேரில் ஓர் எழுத்துக் குறைகிறதென்று
இரண்டு தடவை திரும்பி வந்தது.
பணம் வந்து சேர்ந்தபோது
மகள் அடுத்த வகுப்புக்குப் போயிருந்தாள்.
அரை டிக் போட முடியுமா?

மருத்துவம்.
பையனுக்கு நூற்றிமூன்று காய்ச்சல்.
கடற்படைத் தளத்து வாசலில்
'அவர் வேற படையாச்சே' என்று நிறுத்தி
இருபது நிமிஷம் கழித்து உள்ளே விட்டார்கள்.
உள்ளே நன்றாகத்தான் பார்த்தார்கள். டிக்.

ஆலோசனைத் தொலைபேசி.

வாடைக் காலம், கரண்ட் போன ராத்திரி.
வேதாளைக் கரையில் வள்ளங்கள் முட்டிக்கொள்ளும் சத்தம்
வீடுவரை கேட்டது.
பதினாறு நாளாய் அவர் அழைக்கவில்லை.
எண்ணைப் போட்டேன். இந்தி வந்தது.
வைத்துவிட்டேன்.
பத்து நிமிஷத்தில் திரும்ப அடித்தது.
"நான் ஷாகிதா, கீழக்கரை. எங்க வீட்டுக்காரர் சுபேதார்.
அழணும்னா அழும்மா,
நானும் வெங்காயம்தான் உரிச்சுக்கிட்டிருக்கேன்."

ராத்திரி பத்தரைக்கு வெங்காயம் உரிக்கிற ஒருத்தியை
அதுவரை எனக்குத் தெரியாது.
அப்புறம் வியாழன்தோறும் பேசினோம்.
தண்ணி லாரிக்காரனிடம் எப்படிச் சண்டை போடுவது,
பேங்கில் எந்த ஜன்னல்,
கொல்லையில் பாம்பு வந்தால் யாருக்குப் போன்.
எல்லாம் அந்தக் குரல் வழியாக.

பதினோராம் கேள்வி:
'கணவர் பணியில் தொடர விரும்புகிறீர்களா?'

நேற்று அவரும் அதையேதான் கேட்டார்,
தவாங் பக்கமிருந்து, அறுந்து அறுந்து:
"இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடவா?
வெள்ளிக்கிழமை கடைசி."

போன வருஷமென்றால் வேண்டாமென்று கத்தியிருப்பேன்.
நேற்று, "உங்க இஷ்டம்" என்றேன்.
நிஜமாகவே அப்படித்தான் இருந்தது.
அந்தப் பக்கம் ரொம்ப நேரம் வெறும் காற்று.
"நான் இல்லாமப் பழகிட்டியோ?"
லைன் போய்விட்டது.

அதற்கு இந்தத் தாளில் கட்டம் கிடையாது.

இன்று வியாழன்.
ஷாகிதா அக்காவுக்கு மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.
ஜாடியைத் தூக்கிப் பார்க்கிறேன்:
ஆம் என்ற கட்டமும் இல்லை என்ற கட்டமும்
ஒரே ஈர வட்டத்துக்குள் ஊறிக் கிடக்கின்றன.