எழுபத்தொரு நொடி

நுழைவுச்சீட்டு போனுக்குள்.
போன் கோட்டுக்குள்.
கோட்டின் மேல் பெர்கன் நகரத்து மழை,
செப்டம்பரில் பிடித்தது, இன்னும் விடவில்லை.
ஈர விரலை விரலென்று ஒப்புக்கொள்ளவில்லை திரை;
மூக்கு நுனியால் தொட்டுத் திறந்தேன்.
வாயிலில் நின்றவன் சிரிக்கவில்லை.
இன்று அவன் பார்த்த எத்தனையாவது மூக்கோ.

ஸ்டைனார், உன் இருக்கையில்
என் பையை உட்கார்த்தியிருக்கிறேன்.
நீ வடகடலில், எண்ணெய் மேடையில்,
பதினான்கு நாளில் ஒன்பதாம் நாள்.
சாப்பாட்டுக்கூடத்துச் சுவரில் ஆட்டம் ஓடுகிறது என்கிறாய்.
நீ பார்ப்பது எழுபத்தொரு நொடிப் பழசு.
போன பருவத்தில் அளந்தோமே:
நடுவர் ஊதியதும் நான் "இப்போது" என்று எழுத,
நீ "இப்போது" என்று எழுதுவதற்குள்
ஒரு முழு சாசேஜ் தின்று முடித்து
விரலையும் துடைத்துவிட்டேன்.

அன்றே ஓர் ஒப்பந்தம்:
கோல் விழுந்தால் நான் வாய் திறக்கக் கூடாது.
ஒரே ஒரு முறை மீறினேன்.
இரண்டு நாள் நீ பேசவில்லை,
அம்மாவின் பிறந்தநாள் அழைப்பில்கூட.

முன்வரிசைப் பையன் கார்னர் கிக்கைப் படமெடுக்கிறான்.
கையகலத்தில் இன்னொரு மைதானம்,
அதில் மழை தெரியவில்லை.
என் கண்ணும் அங்கேதான் போகிறது,
அத்தனை பெரிய பச்சையை விட்டு
அந்தத் துண்டுப் பச்சைக்கு.
மூவாயிரம் குரோனர் கொடுத்து வாங்கிய பருவச்சீட்டில்
பாதி ஆட்டம் ஒரு பிள்ளையின் உள்ளங்கை.

பின்வரிசையில் ஒட்வார், காதில் வானொலி.
யாராவது சொன்னால்தான் அவருக்கு நம்பிக்கை வரும்.
"மூன்றாம் எண்ணுக்குக் காலில் வலியாம்" என்கிறார்.
மூன்றாம் எண்
எங்கள் முன்னால்தான் நொண்டிக்கொண்டிருக்கிறான்.

எண்பத்தெட்டாம் நிமிடம்.
விழுந்தது.
எப்படி என்று கேட்காதே.
எனக்கு முன்னே எழுந்தவை நாற்பது கை, நாற்பது போன்.
இடுக்கில் வலை அசைந்தது, அவ்வளவுதான்.
யாரோ ஒருத்தியின் ஈர முடி என் வாயில்.
என் காபி யார் முதுகிலோ.

பிறகு நடுவர் காதில் விரல் வைத்தார்.

பதினாறாயிரம் பேர் குனிந்தோம்,
சில்லறையைத் தவறவிட்டவர்கள் போல,
கண்ணெதிரே நடந்தது நடந்ததா என்று
கையில் தேட.
பெரிய திரையில் "சரிபார்ப்பு" என்று ஒரு சொல்,
அதன் கீழே வீட்டுக்கடன் விளம்பரம்.

ஒட்வார் காதைப் பொத்திக்கொண்டார்.
முகம் முதலில் மாறியது, பேச்சு அப்புறம் வந்தது:
"முழங்கால். ஒரு முழங்கால் முன்னால் இருந்ததாம்."
நடுவரின் கை உயருமுன்பே
எங்கள் பகுதி மட்டும் உட்கார்ந்துவிட்டது.

அப்போது அதிர்ந்தது என் கை.
ஓஓஓ என்று நீ.
வரி முழுக்க ஆச்சரியக்குறி.
அடுத்து ஒரு காணொளி:
ஆரஞ்சு உடுப்பில் ஆட்கள்,
சமையல்காரர் நாற்காலி மேல்,
ஒருவன் தலைக்கவசத்தால் சுவரைத் தட்டுகிறான்,
நடுவில் நீ.
உனக்கு இத்தனை பல் என்பதை மறந்தே போயிருந்தேன்.

இங்கே ஆஃப்சைடுக்கான ஃப்ரீ கிக்கை
அவசரமில்லாமல் எடுக்கிறான் எதிரணிக்காரன்.
அங்கே நாம் ஜெயித்துக்கொண்டிருக்கிறோம்.

கட்டைவிரல் திரைமேல் நின்றது.
ஒப்பந்தம் கோலைப் பற்றித்தான்.
கோல் இல்லாமல் போவதைப் பற்றி
நாம் எதுவும் பேசி வைக்கவில்லை.
ஒரு மழைத்துளி விழுந்து
தானே ஓர் எழுத்தை அடித்தது. அழித்தேன்.
"நானும் குதித்தேன்" என்று எழுதி அனுப்பினேன்.
பொய்யில்லையே.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார் ஒட்வார்.
"யார் அது? தம்பியா?
அங்கே என்ன ஸ்கோர்?"

"ஒன்று, பூஜ்யம்."

காதிலிருந்து வானொலியைக் கழற்றினார்.
மூக்குக்கண்ணாடியை ஸ்வெட்டரில் துடைத்தார்.
"இன்னொரு தரம் போடு" என்றார்.