உசா

வாசிக்கக் கேட்டு வளர்ந்த கதைதான்.
மாடுகள் இடறின. பேழை சரிந்தது.
கை நீட்டினான் உசா.
நீட்டிய கையோடு செத்தான்.
"தொடக் கூடாததைத் தொட்டால்..." என்று ஆரம்பித்து
மீதியைப் பின்வரிசைப் பக்கம் பார்த்தே முடிப்பார் உபதேசியார்.

எனக்கு அப்போதே அந்தப் பெயர்மேல் ஒரு கண்.
எபிரேயத்தில் என்னவோ, தமிழில்
உசா என்றால் கேள், விசாரி.

கடலூர் அரசு ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில்
எனக்கு இது பத்தொன்பதாவது வருஷம்.
மூச்சை இழு. பிடி. விடு.

நேற்று எங்கள் ஊரில் சம்மனசு தேர்.
பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய மண்
மழையில் இளகிக் கிடந்திருக்கிறது.
டிராக்டர் தாண்டிவிட்டது, தேர்ச்சக்கரம் இறங்கிவிட்டது.
வாளும் தராசுமாக மிக்கேல் சாய்ந்தார்.
ஜெனரேட்டர் வண்டி தள்ள வந்த கீழத்தெரு இன்னாசி
கயிற்றைத் தாண்டி ஓடிவந்து முட்டுக் கொடுத்தான்.
தேர் நின்றது. அவன் விழுந்தான்.
"கைமேல் பலன்" என்று போனில் சொன்னார்
தேர்க்கமிட்டி தைரியநாதர், என் வீட்டுக்காரரின் சித்தப்பா.
"சாமுவேல் இரண்டாம் ஆகமம், ஆறாம் அதிகாரம். எடுத்துப் பார்."

இரவு ஒன்றரைக்கு அவனைக் கொண்டுவந்தார்கள்.
சட்டையில் டீசல், மெழுகு.
கையை நேராக வைக்கச் சொன்னேன். வைக்க வரவில்லை.

படம் வந்தது.
சாய்கிற தேரைத் தாங்கிய கையென்றால்
மணிக்கட்டு நொறுங்கும், இல்லை தோள் கழலும்.
இரண்டும் பழுதில்லை.
முன்கை நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும்
சாக்பீஸ் மாதிரி குறுக்கே இரண்டு துண்டு.
இந்த முறிவு எனக்குப் பழக்கம்.
ஓங்கிய தடிக்கும் தலைக்கும் நடுவே
கையை உயர்த்துகிறவர்களுக்கு வருவது.
மாதம் நாலு பார்க்கிறேன். பெரும்பாலும் பெண்கள்.

"தேரா அடிச்சது?"
விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"சாமி ஒண்ணும் பண்ணலக்கா."

அப்புறம் விடியும்வரை ஆளில்லை.
அவர் சொன்ன அதிகாரத்தை எடுத்துப் பார்த்தேன்.
முதல் வசனத்திலேயே முப்பதாயிரம் பேர்,
தேர்ந்தெடுத்த ஆண்கள்.
அத்தனை பேர் சூழ்ந்த களத்துமேட்டில்
ஒருவன் செத்துக் கிடக்கிறான்.
ஆண்டவரின் சினம் என்று எழுதியிருக்கிறது.
எழுதியவர் எந்தப் பக்கம் நின்றிருந்தார்?
உசாவின் முன்கையை யாரும் படமெடுக்கவில்லை.

இப்படி வாசிப்பது பாவமாகக்கூட இருக்கலாம்.
தோளில் சுமக்க வேண்டியதை
வண்டியில் ஏற்றியதுதான் பிழை என்று
ஒரு சாமியார் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன்.
சரி, வண்டி பிழையென்றால்
வண்டி செய்தவனுக்கு என்ன ஆயிற்று?

பதிவேட்டில், காயம் எதனால் என்று ஒரு கட்டம்.
"தவறி விழுந்ததுன்னு போட்டுடும்மா" என்றார் சித்தப்பா, மறுபடி.
தடியடி, ஆட்களால் என்று எழுதினேன்.
கட்டம் சின்னது.
முப்பதாயிரம் என்று எழுத இடமில்லை.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போதுதான்
கதையின் மிச்சம் நினைவுக்கு வந்தது.
தாவீதுக்கே கோபம் வந்ததாம். பிறகு பயம்.
பேழையை நகருக்குள் கொண்டுபோகாமல்
காத்து ஊர்க்காரன் ஒருவன் வீட்டில் விட்டுவிட்டுப் போனான்.
காத்து, கோலியாத்தின் ஊர்.
மூன்று மாதம் அங்கே இருந்தது.
யாரும் சாகவில்லை. அந்த வீடு செழித்தது.
திருவிழாவில் இதை ஒருவரும் வாசித்ததில்லை.

அச்சு முறிந்த தேர்
கீழத்தெரு முனையில், தெருவுக்குள் முகம் திருப்பி நிற்கிறது.
நெய்வேலியிலிருந்து கிரேன் வர வெள்ளியாகுமாம்.
சக்கரத்தடியில் ஒரு ஆடு.
ராத்திரி மழைக்கு யாரோ
மிக்கேலுக்குத் தார்ப்பாய் போர்த்தி
கழுத்தடியில் முடிச்சிட்டிருக்கிறார்கள்.

தொடாமல் போட முடியாத முடிச்சு.