அரை மணி நேரம்

நான் நாமக்கல்காரன்.
ஆயிரம் அடி துளைத்தும் ஈரம் வராத ஊரில்
வண்டி ஓட்டக் கற்றவன்.
பொக்லைனோடு கொள்ளிடக்கரைக்கு வந்து மூன்று வருஷம்.
இங்கே முழங்கை ஆழம் கிளறினால்
தண்ணீர் எட்டிப் பார்க்கும்.
முதல்நாள், குழாயை உடைத்துவிட்டேனோ என்று
பதறிக் கீழே குதித்தேன்.

சீர்காழிக்குக் கிழக்கே, படுகையில்,
தையல்நாயகிக்கு ஒன்றேகால் ஏக்கர் மணல்.
நெல்லுக்கு அந்த மண் பிடிக்காது.
கடலை போட்டால் பன்றிக்கு.
அதனால் வெட்டிவேர்.
போன தையில் நட்டது,
இந்தப் பங்குனியில் தோண்டல்.
மணிக்கு ஆயிரத்து இருநூறு, டீசல் என்னுடையது.

தோகை ஆளுயரம்.
அறுத்தவர்கள் கையெல்லாம் கீறல்.
கொஞ்சம் கொட்டகைக்கு, கொஞ்சம் வாழைக்கு மூடாக்கு,
மிச்சத்தை மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத்
திரும்பிக்கொண்டது.

வாளியை இறக்கினேன்.
மணல் ஒரு நொடி தயங்கியது.
பிறகு, ஆயிரம் நூல்
ஒரே இழுப்பில் அறுபடும் சத்தம்.
வாசனை அதற்கும் பிறகுதான் வந்தது,
டீசல் புகையை ஒதுக்கிக்கொண்டு,
கேபினுக்குள் ஏறி உட்கார்ந்தது.
அதுவரை வெட்டிவேரை நான்
பஸ் ஸ்டாண்டு சர்பத்தில்தான் அறிவேன்.
பச்சையாக இருக்கும் என்றே நினைத்திருந்தேன்.
இது வைக்கோல் நிறம்.
ஒவ்வொரு தூரும் தலைகீழாய்த் தொங்கும்
ஒரு தாடி.

ஐந்து பெண்கள் தூரை உதறினார்கள்.
மணல் கொட்டக் கொட்ட
வேரின் எடை குறைந்தது,
வியாபாரி ஜெயசீலனின் முகம் மலர்ந்தது.
கடலூர்ப் பக்கம் அவருக்கு எண்ணெய் ஆலை.
ஒரு நாள் முழுக்க ஆவியில் வேகவைத்தால்
நூறு கிலோவுக்கு ஒரு கிலோகூடத் தேறாதாம்.
தேறுவது சொட்டுச் சொட்டாய்,
தேன்போலக் கெட்டியாய்.

ஆற்றோரம் கடைசி இரண்டு வரிசை மிச்சம்.
தையல்நாயகி வந்து
சிவப்புப் பிளாஸ்டிக் குடத்தை
வண்டிக்கு முன்னால் வைத்தாள்.
"இதுக்கு மேல வேண்டாம்."

ஜெயசீலன் செல்போனில் பெருக்கிக் காட்டினார்.
அவள் திரையைப் பார்க்கவில்லை.
"சொசைட்டிக் கடன் உன்னுதுதானே?"
"என்னுதுதான்."
"அப்புறம் என்ன, அப்படியே மண்ணுக்குள்ள புதைச்சு வைக்கப் போறியா?"
அவள் மோட்டார் கொட்டகைச் சுவரைக் கண்ணால் காட்டினாள்.
இடுப்புக்கு மேலே, நேர்கோடாக,
காய்ந்த சேற்றின் கறை.
என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.
குடம் நகரவில்லை.
நான் பின்னால் எடுத்தேன்.

பில்லில் ஆறரை மணி என்று எழுதினேன்.
அவள் வாய்விட்டுப் படித்தாள், ஒன்றும் சொல்லவில்லை,
எண்ணிக் கொடுத்தாள்.

ஆடி.
மேட்டூர் நிரம்பியது.
ஒன்றரை லட்சம் கன அடி என்றது டி.வி.
உடைப்பை அடைக்க மணல் மூட்டையோடு
ராத்திரியே கூப்பிட்டார்கள் என்னை.

விடிந்தபோது பார்த்தேன்:
பக்கத்து வயல் இருந்த இடத்தில் ஆறு.
அவள் வயலில் புதிதாய் நட்ட கன்று பாதி இல்லை.
முதல் வரிசையையும் தண்ணீர் அரித்திருந்தது.
ஆனால் விழவில்லை.
மண் போன பின்னும் வேர்கள்
அந்தரத்தில் தொங்கிக்கொண்டு
பழுப்பு வெள்ளத்தைச் சீவிக்கொண்டிருந்தன.
இரண்டாவது வரிசை
எதுவும் நடக்காததுபோல் நின்றது.
கரை முழுக்க அந்த வாசனை,
யாரும் விலை பேசாமல்.

தண்ணீர் வடிந்த நாலாம் நாள்
அவள் அந்தத் தூர்களைப் பிளந்துகொண்டிருந்தாள்.
இந்தப் புல்லுக்கு விதை கிடையாது.
பூக்கும், அதோடு சரி.
தூரைக் கீறி, தோகையை ஒரு சாணுக்கு நறுக்கி,
சிம்பு சிம்பாய் நட்டால்தான் அடுத்த வருஷம்.
கணுக்கால் சேற்றில், தலை நிமிராமல்,

"பங்குனியில
அரை மணி நேரம் சும்மா நின்ன வண்டிக்கும்
காசு வாங்கிட்டுப் போனவந்தானே நீ?"

ஆமாம் என்றேன்.

"இறங்கு. அதுக்கு இப்ப நடு."