கடி பார்த்தல்

பகலில் நான் செய்வது பற்கள்.
ரேஸெக்னே ஊரின் பாதி வாய்களில்
என் பீங்கான்தான் சிரிக்கிறது.
மேல் அச்சுக்கும் கீழ் அச்சுக்கும் நடுவே
நீலத் தாளை வைத்து
மூடி, திறந்து,
கறை விழுந்த இடத்தைத் தேய்ப்பேன்,
மயிரிழையில் பாதி.

இரவில் அய்னார்ஸின் கொட்டகை.
வெளியே மைனஸ் பதினாறு.
உள்ளே எங்கள் லாடா
பின்புறம் தூக்கி நிற்கிறது,
ஊசிக்குக் காத்திருப்பவர் மாதிரி.

முன்பெல்லாம் அது ஒற்றைக் காலால் உதைத்த கார்.
உறைந்த ஏரியில் வளைவெடுக்கையில்
எந்தச் சக்கரம் வழுக்குகிறதோ
எஞ்சின் தந்தது முழுக்க அதற்கே போகும்.
பிடிமானம் உள்ளது சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்.
"எங்கள் மர மில்லிலும் இப்படித்தான் சம்பளம்"
என்பான் அய்னார்ஸ்.

போன குளிர்காலம் வெல்டிங் வைத்தோம்.
டிஃபரென்ஷியலின் குட்டிப் பற்சக்கரங்களை
ஒன்றோடொன்று உருக்கி ஒட்டிவிட்டால்
இரண்டு சக்கரமும் ஒன்றாய்ச் சுழலும்.
செலவு அரைப் பெட்டி வெல்டிங் குச்சி.
பனியில் ஓடியது, பொய் சொல்லவில்லை.
தார்ச்சாலையில் மட்டும்
ஒவ்வொரு திருப்பத்துக்கும் டயர் அலறியது.
தேவாலயத்திலிருந்து வருகிறவர்கள்
நின்று பார்த்தார்கள்.
மார்ச்சில் வலது அச்சு முறிந்தது.
சக்கரம் தனியாக உருண்டு போய்
நாணலுக்குள் படுத்துக்கொண்டது.

இந்த வருடம் பியாவிஸ்டாக்கிலிருந்து ஒன்று வந்தது,
குழந்தைகளின் டயப்பர் அட்டைப்பெட்டியில்.
யாரோ ஓட்டிப் பார்த்து விற்றது.
நானூற்று எண்பது யூரோ; என் பங்கு முன்னூறு.
உள்ளே தட்டுகள், ஒன்றின்மேல் ஒன்றாக.
விற்றவர் தொலைபேசியில் விளக்கினார்:
"சக்கரங்கள் வேறுபடலாம்.
ஒன்றை ஒன்று கைவிட முடியாது."
பிறகு அஞ்சல் செலவு கேட்டார்.

கிரௌன் என்றால்
எனக்கு ஒரு பொருள், அவனுக்கு ஒன்று.
அவனுடையது சாப்பாட்டுத் தட்டு அகலம், நாற்பத்தொரு பல்.
புதிய கூட்டில் ஏற்றி, போல்ட் முறுக்கி,
டயல் கேஜை வைத்தான்.
"இடைவெளி நூறில் பதினொன்று. முடிந்தது."
"இடைவெளி சரி. கடி பார்த்தாயா?"
"இருபது வருடமாக லாடா பிரிக்கிறேன், விஸ்மா."
"நானும் இருபது வருடமாகத்தான்."

மஞ்சள் பசையைப் பற்களில் பூசினேன்.
அவன் பினியனைக் கையால் சுற்றினான்,
நான் கட்டையால் தடுத்து எடை கொடுத்தேன்.
பசை விலகிய தடம்
பல்லின் உச்சியில், ஓரமாக.
வாயாக இருந்தால்
காதுவரை வலிக்கும்.

பினியன் இன்னும் உள்ளே போகவேண்டும்.
பேரிங்கைக் கழற்று,
தடித்த வளையம் போடு,
திரும்ப ஏற்று, பூசு, சுற்று.
நான்கு முறை.
மூன்றாவது முறை அவன் வெளியே போய்
பனியில் நின்றுவிட்டு வந்தான்.
இரண்டேகால் மணிக்கு
தடம் நடுப்பல்லில் விழுந்தது,
ஒரு பார்லி மணி அளவில்.
இருவரும் பேசவில்லை.
விளக்கை இன்னும் கிட்டே பிடித்தான்.

ஞாயிறு, முதல் சுற்று, முதல் வளைவு:
பின்னால் இரண்டும் சேர்ந்து தள்ளுமென்று
என் கைகளுக்கு யாரும் சொல்லவில்லை.
நேராகப் போய்ப் பனிச்சுவரில் சொருகினேன்.
டிராக்டர் இழுத்தது.
இரண்டாவதில்
முன்னதாகத் திருப்பி, முன்னதாக மிதித்து,
வால் லேசாக வெளியே வந்து
அங்கேயே நின்றது,
கேட்டதைச் செய்கிற வால்.
பத்தொன்பதில் ஏழாவது.
போன வருடமும் ஏழாவதுதான்.
ஆனால் எத்தனை வேகத்திலும்
பின்னாலிருந்து ஊளையில்லை.

கொட்டகையில் எண்ணெய் வடித்தோம்.
காந்தத்தில் மெல்லிய வெள்ளிப் பொடி,
துண்டு எதுவும் இல்லை.
அய்னார்ஸ் ரொட்டியை மென்றுகொண்டே
பொடியை விரலில் தேய்த்துப் பார்த்தான்.
எட்டு வருடமாகச் சேர்ந்து சாப்பிடுகிறோம்,
இன்றுதான் கவனிக்கிறேன்:
இவன் இடப்பக்கம் மட்டுமே மெல்கிறான்.

"எவ்வளவு நாளாக?"
"எது?"
"வாயைத் திற."
"விஸ்மா, கை முழுக்க கிரீஸ்."
விளக்கை எடுத்தேன்.